அரிவாளாய் வளைந்த குருதிக்கலம்

நோய் மனித உடலில் எங்கே குடிகொண்டிருக்கின்றது என்னும் வினா மிகப் பழையது. உடலெங்கும் பரந்து நிற்கும் நீர்மங்களின் ஏற்றத்தாழ்வே நோய் என்று மேனாட்டு வைத்தியர் பல நூற்றாண்டுகளாகக் கருதிவந்தனர். வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றின் சமநிலை கெடுவதே பிணியின் மூலம் என்று நம் நாட்டு வைத்திய நூல்களும் கூறின. 1761ஆம் ஆண்டில் இத்தாலியரான மோர்கானி, இறந்தோரின் உடல்களை ஆராய்ந்து, நோய் உறுப்புகளிலே தங்குகின்றது என்று காட்டினார். 1858இல் ஜெர்மானியரான விர்ஹோ, உறுப்பினும் நுண்ணியதான உயிர்க்கலத்திலேயே அதனைத் தேடவேண்டும் என்றார். அதற்குத் தொண்ணூற்றோராண்டுகள் பின்னர், 1949இல், கலத்தினும் நுண்ணியதான ஒரு மூலக்கூறே நோயின் இருப்பிடமாகலாம் என்னும் செய்தி வெளிவந்தது. அந்த மூலக்கூறு ஒரு புரதம். அதன் பெயர் ஈமோகுளோபின். அதன் உருவத்தில் நேரும் ஒரு சிறு பிறழ்வு கலத்தின் போக்கையும், கலத்தின் வழியே மனித வாழ்வையும் எவ்வாறு மாற்றுகின்றது என்பதைக் கண்டறிந்த வரலாறு, அறிவின் வெற்றியைச் சொல்லும் வரலாறு. அறிவு மட்டும் போதாது என்பதைச் சொல்லும் வரலாறும் அதுவே.

குருதிக்குச் செந்நிறம் தருவது ஈமோகுளோபின். நுரையீரலில் ஒட்சிசனை ஏற்று, உடலின் மூலைமுடுக்கெங்கும் கொண்டுசென்று இறக்கிவிட்டு மீள்வது அதன் தொழில். ஒரு செங்குருதிக்கலத்தினுள்ளே ஏறத்தாழ 27 கோடி ஈமோகுளோபின் மூலக்கூறுகள் நெருங்கி நிறைந்திருக்கின்றன. அவை அத்துணை நெருக்கத்திலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் வழுக்கி நகர்வதாலேயே கலம் மென்மையாக இருக்கின்றது. மயிரினும் நுண்ணிய குருதிக்குழாய்கள் கலத்தின் அகலத்திலும் ஒடுங்கியவை. அவற்றினூடே செல்லுங்கால் கலம் மடிந்தும் நீண்டும் நெளிந்தும் செல்லவேண்டும். வெளியே வந்ததும் பழைய வட்டத் தட்டு வடிவைப் பெறவேண்டும். ஒரு செங்கலம் தன் 120 நாள் வாழ்வில் இலட்சத்துக்கு மேற்பட்ட தடவைகள் இச்சோதனைக்கு உட்படுகின்றது.

இச்சோதனையில் தோற்கும் கலங்களை ஒரு வைத்தியர் முதன்முதலாகக் கண்டு எழுதி வைத்த இடம் அமெரிக்காவின் சிக்காகோ நகரம். மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான கிறனடாவிலிருந்து வோல்ட்டர் கிளெமென்ற் நோயல் என்னும் இருபது வயது இளைஞர் பல் வைத்தியம் பயில்வதற்காக 1904ஆம் ஆண்டில் அந்நகருக்கு வந்தார். குளிர்காலந் தொடங்கியதும் இருமலும் மூச்சுத்திணறலும் காய்ச்சலும் அவரைப் பற்றின. அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில் அவர் வைத்தியசாலையிற் சேர்ந்தபோது, பயிற்சி வைத்தியராகவிருந்த ஏணெஸ்ற் அயன்ஸ் அவரது குருதியை நுணுக்குக்காட்டியில் நோக்கினார். வட்டமாக இருக்கவேண்டிய செங்கலங்களுட் பல நீண்டும், இருமுனையும் கூர்ந்தும், பிறை போலவும் கதிரறுக்கும் அரிவாள் போலவும் வளைந்தும் காணப்பட்டன. அயன்ஸ் அவற்றை வரைந்துவைத்தார். அவருடைய மேலதிகாரியான ஜேம்ஸ் ஹெரிக், நோயாளியைப் பல மாதங்கள் தொடர்ந்து கவனித்து, தாம் கண்டவற்றை 1910ஆம் ஆண்டில் வெளியிட்டார். இதன் காரணம் யாது என்று துணிந்து கூறுவதற்கில்லை என்பதே அவர் கண்ட முடிவு. நோயல் தம் படிப்பை முடித்து, 1907இல் தாய்நாடு திரும்பி, பல் வைத்தியராகத் தொழில் புரிந்து, 1916இல் தமது 32ஆம் வயதில் நுரையீரல் நோயால் இறந்தார்.

ஹெரிக்கின் கட்டுரைக்குப் பின்னர் அத்தகைய நோயாளர் வேறிடங்களிலும் அறியப்பட்டனர். 1922இல் அந்நோய்க்கு அரிவாட்கலச் சோகை என்னும் பெயர் வழங்கலாயிற்று. அதனால் வருந்தியோருக்குக் கைகால் மூட்டுகளிலும் மார்பிலும் வயிற்றிலும் திடீரெனத் தோன்றும் பொறுத்தற்கரிய நோவு, மஞ்சள் பூத்த கண், ஆறாத புண், அடிக்கடி வரும் காய்ச்சல் ஆகியன இருந்தன. குழந்தைகளாகவே இறந்தவர் பலர். அமெரிக்காவில் நோயாளருட் பெரும்பாலோர் ஆபிரிக்க வழித்தோன்றல்களாக இருந்தமையால், இது ஓர் இனத்தின் குருதிக்கு உரிய குற்றம் என்று கருதிய வைத்தியரும் அக்காலத்தில் இருந்தனர். ஓரினத்தின்மேற் பழியைச் சுமத்தியதோடு காரணத்தைத் தேடுவது நின்றுவிடும் அபாயமும் உடன் வந்தது.

ஆயினும் தேடியவர் சிலர் இருந்தனர். 1927இல் ஹான், கிலெஸ்பி என்னும் இருவர், அரிவாள் வடிவம் நிலையானதன்று என்பதைக் காட்டினர். ஒட்சிசன் நீக்கப்பட்டால் கலம் வளைகின்றது. ஒட்சிசனை மீண்டுஞ் செலுத்தினால் நிமிர்ந்து வட்டமாகின்றது. 1940இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்து வைத்திய மாணாக்கரான ஏர்விங் ஷேர்மன், வளைந்த கலங்களினூடே முனைவாக்கிய ஒளி செல்லுங்கால், பளிங்கினூடே செல்லும்போது போல அது இரண்டாகப் பிரிவதைக் கண்டார். ஒழுங்கின்றி மிதக்கவேண்டிய பொருள் உள்ளே அணிவகுத்து நிற்கின்றது என்பதற்கு இது குறிப்பாயிற்று. 1948இல் ஜனெற் வொற்சன் என்னும் பெண் வைத்தியர், நோய்க்குரிய பரம்பரையோடு பிறந்த குழந்தைகளிடத்தும் பிறந்தவுடன் வளைந்த கலங்கள் மிகக் குறைவாகவே இருப்பதைக் கண்டார். கருவிலிருக்கும் குழந்தைக்கென ஒருவகை ஈமோகுளோபின் உண்டு. அது மறையும் வரையில் குழந்தையைக் காக்கின்றது என்பது அவர் கருத்து. இச்சிறு குறிப்பின் பெரும்பயன் அரை நூற்றாண்டுக்குப் பின்னரே வெளிப்பட்டது.

குற்றம் கலத்தின் உறையிலன்று, உள்ளேயுள்ள ஈமோகுளோபினிலேயே இருக்கவேண்டும் என்று ஊகித்தவர் லைனஸ் போலிங். 1945இல் வில்லியம் காசில் என்னும் வைத்தியர் உரையாடலினிடையே இந்நோயைப் பற்றி அவருக்குச் சொன்னார். ஒட்சிசன் குறைந்த நாளக்குருதியிலேயே கலங்கள் வளைகின்றன என்று கேட்ட அளவில், ஒட்சிசனோடு கூடுவதும் பிரிவதும் ஈமோகுளோபின் அன்றோ என்னும் எண்ணம் அவருக்கு உதித்தது. கலிபோர்னியா தொழினுட்ப நிறுவகத்திலிருந்த தம் ஆய்கூடத்தில் இதனைச் சோதிக்கும் பணியை ஹார்வி இட்டானோ என்னும் இளம் வைத்தியரிடம் ஒப்படைத்தார்.

இட்டானோ அமெரிக்காவிற் பிறந்த ஜப்பானிய வம்சத்தவர். 1942இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் அவ்வாண்டின் தலைசிறந்த மாணாக்கருக்குரிய பதக்கம் அவருக்குக் கிடைத்தது. ஆயின் பட்டமளிப்பு விழாவில் அவர் இல்லை. உலக யுத்தத்தின்போது மேற்குக் கரையிலிருந்த ஜப்பானிய வம்சத்தவர் அனைவரையும் அமெரிக்க அரசு தடுப்பு முகாம்களில் அடைத்தது. பதக்கம் வழங்கப்பட்ட நாளில் அவர் முகாமிலே இருந்தார். குருதியின் வழியால் ஒருவனைக் குற்றவாளியாக்குவது எத்தகையது என்பதைத் தம் வாழ்விலேயே கண்ட அவரே குருதியின் உண்மைக் குற்றத்தைத் தேடப் புகுந்தார். நோயுற்றோரின் ஈமோகுளோபினும் நலமுடையோரின் ஈமோகுளோபினும் மின்புலத்தில் வெவ்வேறு வேகத்தில் நகர்வதை அவரும் சிங்கர், வெல்ஸ் என்னும் உடனாய்வாளரும் கண்டனர். இரண்டின் மின்னேற்றமும் வேறு. ஆகவே மூலக்கூறுகளும் வேறு. 1949ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் வெளிவந்த அவர்களது கட்டுரை அரிவாட்கலச் சோகையை ‘மூலக்கூற்று நோய்’ என்று அழைத்தது. அவ்வாண்டிலேயே ஜேம்ஸ் நீல், இந்நோய் பெற்றார் இருவரிடமிருந்தும் குறையுடைய பரம்பரையலகைப் பெற்ற பிள்ளைக்கே வருகின்றது என்றும், ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் பெரும்பாலும் நலத்துடன் வாழும் காவிகளாகின்றனர் என்றும் நிறுவினார். காவிகளான தாய் தந்தையர்க்குப் பிறக்கும் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கிலொன்று.

மூலக்கூறுகள் வேறாயின், வேறுபாடு அதன் எப்பாகத்தில் உள்ளது? புரதம் என்பது அமினோவமிலங்கள் என்னும் சிறு கூறுகள் மாலையின் மணிகள் போல வரிசையாகக் கோக்கப்பட்ட நெடுஞ்சங்கிலி. எத்தனையோ சொற்களை ஆக்கும் எழுத்துகள் போல, இருபது வகை அமினோவமிலங்கள் எண்ணிறந்த புரதங்களை ஆக்குகின்றன. ஈமோகுளோபினில் நான்கு சங்கிலிகளிலுமாக 574 அமினோவமிலங்கள் உள்ளன. இங்கிலாந்தில் கேம்பிறிட்ஜ் நகரின் கவெண்டிஷ் ஆய்கூடத்தில் வேர்ணன் இங்கிராம் இவ்வாராய்ச்சியை மேற்கொண்டார். ஜெர்மனியிற் பிறந்த அவர், நாசியரின் ஆட்சிக் காலத்தில் குடும்பத்தோடு இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்தவர். அவர் புரதத்தைத் திரிப்சின் என்னும் நொதியத்தினால் சிறு துண்டுகளாக வெட்டினார், துண்டுகளை ஈரத்தாளின்மேல் ஒரு திசையில் மின்னாலும், மறு திசையில் கரைப்பானாலும் பரப்பினார், பின்னர் நிறமூட்டினார். முப்பதளவான புள்ளிகள் தாளில் தோன்றின. இரு வகை ஈமோகுளோபினின் தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, ஏனைய புள்ளிகளெல்லாம் ஒத்திருக்க, ஒரு புள்ளி மட்டும் இடம்பெயர்ந்திருந்தது. 1956இல் இதனை வெளியிட்ட இங்கிராம், அடுத்த ஆண்டில் அத்துண்டின் அமைப்பையும் கண்டுகொண்டார். குளுட்டாமிக்கமிலம் இருக்கவேண்டிய இடத்தில் வலைன் என்னும் வேறோர் அமினோவமிலம் அமர்ந்திருந்தது. 146 மணிகள் கொண்ட பீற்றாச் சங்கிலியின் ஆறாவது மணி அது. ஓரெழுத்து மாறினால் ‘கடல்’ என்பது ‘உடல்’ ஆகிவிடுவது போல, ஒரு மணி மாறியதால் புரதத்தின் குணமே மாறிற்று. பரம்பரையலகின் பிறழ்வொன்று புரதத்தில் ஒரே அமினோவமிலத்தை மாற்றக்கூடும் என்பதற்கு உலகங் கண்ட முதற் சான்று இதுவே.

எனினும் ஒரு மணியின் மாற்றம் கலத்தை ஏன் வளைக்கவேண்டும்? இதற்கு விடை, சங்கிலி மடிந்து பெறும் உருவத்திலேயே இருந்தது. அவ்வுருவத்தை அறியும் முயற்சியை 1937இல் தொடங்கியவர் மக்ஸ் பெருட்ஸ். வியன்னாவிற் பிறந்த அவரும், பகைநாட்டவர் என்னும் பெயரால் 1940இல் இங்கிலாந்தில் தடுத்துவைக்கப்பட்டுக் கனடாவுக்கு அனுப்பப்பட்டு, பின்னர் விடுவிக்கப்பட்டவர். ஈமோகுளோபின் பளிங்குகளினூடே எக்ஸ் கதிரைச் செலுத்தி, கதிர் சிதறும் கோலத்திலிருந்து அணுக்களின் இடங்களைக் கணிப்பது அவர் கையாண்ட முறை. இருபத்திரண்டாண்டு உழைப்பின் பின்னர், 1959இல் அம்மூலக்கூற்றின் முதலுருவம் அவருக்குப் புலனாயிற்று. 1962இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசை ஜோன் கென்றூவுடன் அவர் பகிர்ந்துகொண்டார்.

அவருடைய ஆர்வத்தைத் தூண்டிய காட்சியொன்று உண்டு. 1938இல் பீலிக்ஸ் ஹவுரோவிற்ஸ் என்பார், ஒட்சிசனற்ற ஈமோகுளோபின் பளிங்குகளை நுணுக்குக்காட்டியின் கீழ் நோக்கிக்கொண்டிருந்தார். கண்ணாடித் தகட்டின் ஓரமாகக் காற்று உட்புகுந்தது. அறுகோண வடிவான ஊதாநிறப் பளிங்குகள் சிதைந்து கரைய, செந்நிறமான வேறு வடிவப் பளிங்குகள் தோன்றின. ஒட்சிசனை ஏற்கும்போது மூலக்கூறே உருமாறுகின்றது என்பது இதனால் விளங்கிற்று. அம்மாற்றம் எத்தகையதென்பதை 1960களில் பெருட்சும் அவர் குழுவினரும் தெளிவாகக் கண்டனர். ஒட்சிசனைப் பெறுங்கால் நான்கு சங்கிலிகளும் ஒன்றன்மேலொன்று சற்றே திரும்பி நெருங்குகின்றன. விடுங்கால் விலகி முன்னைய நிலைக்கு மீள்கின்றன. மார்பு விரிந்து சுருங்குவது போல, மூலக்கூறும் சுவாசிக்கின்றது. இவ்வாறு உருமாறுவதாலேயே நுரையீரலில் ஒட்சிசனை விரைந்து ஏற்கவும் தசைகளில் தயங்காது கொடுக்கவும் அதனால் முடிகின்றது. ஆகவே புரதம் உருமாறுவது நோயன்று. அதுவே உயிர்வாழ்வின் ஒழுங்கு.

நோயின் சூழ்ச்சி அவ்வொழுங்கினூடேயே புகுகின்றது. குளுட்டாமிக்கமிலம் மின்னேற்றமுடையது, நீரோடு உறவாடுவது. வலைனோ எண்ணெய்த்தன்மை உடையது. நீரை வெறுத்து, ஒதுங்குவதற்கு இடந்தேடுவது. மூலக்கூறு ஒட்சிசனை விட்டு உருமாறியதும், அதன் மேற்பரப்பில் இவ்வலைன் சரியாகப் பொருந்தத்தக்க சிறு குழியொன்று அமைகின்றது. ஒரு மூலக்கூற்றின் வலைன் அடுத்த மூலக்கூற்றின் குழியிலே செருகிக்கொள்கின்றது. அடுத்தது அதற்கடுத்ததைப் பற்றுகின்றது. இவ்வாறு பல்லாயிரம் மூலக்கூறுகள் தொடர்ந்து, பதினான்கு புரிகளாக முறுகி, கயிறு திரித்தாற்போல விறைத்த நார்களாகின்றன. மென்மையான கலத்தினுள்ளே இந்நார்கள் நீண்டு உறையை முட்டித் தள்ளுவதால் கலம் அரிவாளாய் வளைகின்றது. நலமுடையோரின் ஈமோகுளோபினும் ஒட்சிசனை விட்டு அவ்வாறே உருமாறுகின்றது, குழியும் அமைகின்றது, ஆயின் அதிற் செருகுவதற்கு வலைன் இல்லை.

அவ்வாறாயின், ஒட்சிசனை இழக்கும் ஒவ்வொரு கலமும் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்துவிட வேண்டுமன்றோ? அவ்வாறு நிகழ்வதில்லை. 1974இல் அமெரிக்காவின் பெதஸ்டாவில் ஹொவ்ரிக்ரர், றொஸ், ஈற்றன் என்போர் இதன் காரணத்தை வெளிப்படுத்தினர். நார் தோன்றுமுன் ஒரு தாமத நேரம் உண்டு. மயிர்த்துளைக் குழாயைக் கடக்கக் கலத்துக்கு ஏறத்தாழ ஒரு வினாடி போதும். அதற்குள் கடந்துவிட்டால், நார் திரளுமுன் கலம் நுரையீரலை நோக்கிச் சென்று மீண்டும் ஒட்சிசனைப் பெற்றுத் தப்பிவிடுகின்றது. தாமத நேரமோ கலத்தினுள் ஈமோகுளோபின் எத்துணைச் செறிவாக இருக்கின்றது என்பதைப் பொறுத்து மிகப் பெரிதும் மாறுகின்றது. செறிவு சிறிதே கூடினும் தாமதம் பன்மடங்கு குறைகின்றது. உடலில் நீர் குறைந்தாலோ, குளிரால் குழாய்கள் ஒடுங்கினாலோ, காய்ச்சலாற் குருதியோட்டம் தடைப்பட்டாலோ நோவு ஏன் மூள்கின்றது என்பது இதனாற் புலனாகின்றது. விறைத்த கலம் குழாயை அடைக்கின்றது. அப்பால் உள்ள தசையும் எலும்பும் ஒட்சிசனின்றித் துடிக்கின்றன. பலமுறை வளைந்து நிமிர்ந்த கலத்தின் உறை பழுதுற்று, நிமிரும் ஆற்றலை இழக்கின்றது. 120 நாள் வாழவேண்டிய கலம் பத்து முதல் இருபது நாளுக்குள் அழிகின்றது. மண்ணீரல் சிறு வயதிலேயே செயலற்றுப்போவதாற் கிருமிகளை எதிர்க்கும் வலிமையும் குன்றுகின்றது.

இத்துணைத் துன்பந் தரும் பிறழ்வு தலைமுறை தலைமுறையாக ஏன் அழியாமல் நிலைத்தது என்னும் வினாவுக்கு விடை கண்டவர் அந்தனி அலிசன். கென்யாவில் வளர்ந்த அவர், 1949இல் அந்நாட்டில் ஆராய்ந்தபோது, கடற்கரையிலும் விக்டோரியா ஏரியைச் சூழ்ந்த தாழ்நிலத்திலும் காவிகள் மிகுந்திருப்பதையும், குளிர்ந்த மலைநாட்டில் அருகியிருப்பதையும் கண்டார். காவிகள் மிகுந்த இடங்களெல்லாம் மலேரியா மிகுந்த இடங்கள். காவிகளான குழந்தைகளைக் கொடிய மலேரியா எளிதிற் கொல்வதில்லை என்பதற்கு 1954இல் அவர் சான்றுகளை வெளியிட்டார். ஒரு பங்காகப் பெற்றால் கேடயம். இரு பங்காகப் பெற்றால் வாள் என்று இதனைச் சொல்லலாம். ஆகவே இது ஓரினத்தின் குற்றமன்று. நுளம்பு வாழ்ந்த நிலத்தில் மனிதன் வாழ்ந்ததற்குக் கொடுத்த விலை. 1952இல் ஹேர்மன் லேமன், மேரி கற்புஷ் என்னும் இருவர், தமிழகத்தின் நீலகிரி மலைகளில் வாழும் பழங்குடியினரிடையே இப்பிறழ்வைக் கண்டு வெளியிட்டபோது, இனம்பற்றிய பழைய கருத்து மேலும் தகர்ந்தது.

இலங்கையிலும் இக்கதையின் மற்றொரு கிளை உண்டு. அரிவாட்கல நோய் இங்கு அரிது. ஆயின் 1934–35இல் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கவர்ந்த மலேரியாக் கொள்ளைநோய் ஒருமுறை மட்டும் வந்து போன விருந்தினன் அன்று. பன்னெடுங்காலம் மலேரியா உலாவிய இத்தீவின் மக்களிடத்தே ஈமோகுளோபினின் வேறு பிறழ்வுகள் நிலைபெற்றன. வேடர்களின் குருதியை ஆராய்ந்தவர்கள் ‘ஈ’ வகை ஈமோகுளோபினைக் கண்டனர். ஈமோகுளோபின் போதிய அளவில் ஆக்கப்படாத தலசீமியா நோயும் இங்குண்டு. அதனால் வருந்தும் பிள்ளைகள் மாதந்தோறும் குருதி ஏற்றி வாழ்கின்றனர். 2016இல் இலங்கை மலேரியாவிலிருந்து விடுபட்ட நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. பகைவன் போய்விட்டான், அவனுக்கெதிராகத் தாங்கிய கேடயத்தின் சுமை மட்டும் எஞ்சியிருக்கின்றது.

காரணம் இவ்வளவு தெளிவாக அறியப்பட்ட நோய்கள் சிலவே. ஆயின் அறிந்ததனால் நோயாளர்க்குக் கிடைத்தது யாது? 1949இல் மூலக்கூறு அறியப்பட்டது. 1957இல் மாறிய அமினோவமிலம் அறியப்பட்டது. அதன்பின் நெடுங்காலம் நோயுற்ற பிள்ளைகள் முன்போலவே இறந்தனர். அறிவு தவறாகப் பயன்பட்டதும் உண்டு. காவிகளான இளைஞர் ஒவ்வொருவரின் நெற்றியிலும் ஓர் அடையாளம் பச்சைகுத்தப்படவேண்டும் என்று 1968இல் போலிங் எழுதினார். ஒரு காவி மற்றொரு காவியை மணந்து நோயுள்ள பிள்ளையைப் பெறாமற் காப்பதே அவர் கருதிய நன்மை. எனினும் நெற்றியில் முத்திரை சுமக்கும் மனிதனின் நிலையை அவர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க மாநிலங்கள் சில கறுப்பினத்தவர்க்குக் கட்டாயச் சோதனையை விதித்தன. நோயில்லாக் காவிகள் சிலருக்கு வேலையும் காப்புறுதியும் மறுக்கப்பட்டன. 1972இல் இயற்றப்பட்ட சட்டமே விரும்பியோர்க்குச் சோதனை, ஆராய்ச்சிக்குப் பணம் என்னும் வழியைத் திறந்தது.

உயிர்களை முதலிற் காத்தவை எளிய முறைகளே. 1973 முதல் ஜமேக்காவிற் பிறந்த குழந்தைகளின் குருதியைச் சோதித்து, நோயுற்றோரை இளமையிலிருந்தே கிரகாம் சேர்ஜன்ற் குழுவினர் கவனித்துவந்தனர். மண்ணீரல் திடீரெனக் குருதியைத் தேக்கி வீங்குவது குழந்தைகளைச் சில மணி நேரத்திற் கொல்லக்கூடியது. குழந்தையின் வயிற்றைத் தடவி மண்ணீரலின் அளவை அறியும் முறையை அவர்கள் தாய்மாருக்குக் கற்பித்தனர். தாயின் கையே நோயறியும் கருவியாயிற்று. அவ்வாறு இறக்கும் குழந்தைகளின் தொகை பெரிதுங் குறைந்தது. 1986இல் அமெரிக்காவில் மரிலின் காஸ்ரனும் உடனாய்வாளரும், நாளுக்கு இருமுறை பெனிசிலின் கொடுப்பதால் நோயுற்ற சிறுவரிடையே கொடிய கிருமித்தொற்று 84 வீதம் குறைவதைக் காட்டினர். பெனிசிலின் அதற்கு நாற்பதாண்டுகள் முன்னரே கடையிற் கிடைத்த மருந்து. அதனை யாருக்குக் கொடுக்கவேண்டும் என்பதை அறியப் பிறந்த குழந்தையின் குதிகாலிலிருந்து ஒரு துளி குருதி போதும்.

வொற்சன் 1948இற் கண்ட கருநிலை ஈமோகுளோபினும் இறுதியிற் பயன்பட்டது. அது நார்களிற் சேராது. நார் தோன்றுவதைத் தடுக்கின்றது. அதனை மிகுவிக்கும் ஐதரொட்சியூரியா என்னும் மருந்துக்கு 1998இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆபிரிக்காவின் நான்கு நாடுகளிற் சிறுவரிடையே நடந்த ஆய்வொன்று, அங்கும் அம்மருந்து நோவையும் இறப்பையும் குறைப்பதை 2018இல் உறுதிசெய்தது. 2019இல் வொக்செலொற்றர் என்னும் மருந்து வந்தது. ஈமோகுளோபினை ஒட்சிசன் ஏற்ற உருவத்திலேயே பிடித்துவைத்தால் நார் தோன்றாது என்பது அதன் கருத்து. கருத்து நேர்த்தியானதுதான்; ஆயின் நோயாளரின் பாதுகாப்பைப் பற்றிய ஐயங்கள் எழ, 2024இல் அது திரும்பப் பெறப்பட்டது. கருநிலை ஈமோகுளோபின் மீண்டும் உண்டாகும்படி நோயாளியின் எலும்புமச்சைக் கலங்களிற் பரம்பரையலகைத் திருத்தும் சிகிச்சைக்கு 2023இன் இறுதியில் பிரித்தானியாவும் அமெரிக்காவும் அனுமதியளித்தன. அமெரிக்காவில் அதற்கு அறிவிக்கப்பட்ட விலை ஒருவருக்கு 22 இலட்சம் டொலர்.

புரதத்தின் உருவத்தில் நோயைத் தேடும் வழி இந்நோயோடு நின்றுவிடவில்லை. மூளையிலுள்ள ஒரு புரதம் பிழையாக மடிந்து, தன் பிழையை அயற் புரதங்களுக்கும் ஏற்றுவதாலே சில கொடிய மூளைநோய்கள் வருகின்றன என்று 1982இல் ஸ்ரான்லி புறூசினர் கூறியபோது நம்பாதவரே மிகுதி. 1997இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இவற்றுக்கெல்லாம் வழிகாட்டியாக முன்னே நடந்தது ஈமோகுளோபினின் வரலாறே.

இன்று உலகில் ஆண்டுதோறும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் அரிவாட்கல நோயோடு பிறக்கின்றன. அவற்றுட் பெரும்பாலானவை சகாராப் பாலைவனத்துக்குத் தெற்கேயுள்ள ஆபிரிக்க நாடுகளிற் பிறப்பவை. நோயின் பெயர்கூட அறியப்படாமல், காய்ச்சலால் இறந்தன என்று கருதப்பட்டுப் புதைக்கப்படும் குழந்தைகள் அங்குப் பல. இந்தியாவிலும் பழங்குடி மக்களிடையே இந்நோய் பரவலாக உண்டு. 2047ஆம் ஆண்டுக்குள் அதனை ஒழிக்கும் நோக்குடன் ஏழு கோடிப் பேரைச் சோதிக்கும் திட்டத்தை இந்திய அரசு 2023இல் தொடங்கியது. 574 மணிகளுள் மாறியது எது என்று கண்டறிவதற்கு உலகின் மிகக் கூரிய அறிவாளர் பலர் தேவைப்பட்டனர். அம்மாற்றத்தோடு பிறந்த குழந்தையை ஐந்து வயது கடக்கச் செய்வதற்குத் தேவைப்படுபவை ஒரு துளிக் குருதிச் சோதனை, மலிவான ஒரு மருந்து, கற்றுக்கொடுக்கப்பட்ட ஒரு தாய், எட்டும் தொலைவில் ஒரு வைத்தியசாலை ஆகியனவே. மூலக்கூற்றின் இரகசியம் 1957இலேயே வெளிப்பட்டுவிட்டது. அந்நாடுகளின் கிராமங்கள் பலவற்றில் இந்நான்கும் இன்னும் சென்று சேரவில்லை.